நாலு விரக்கடை உயரத்தில் நய்ரா

ஒன்பது நதிகளும் பூமிக்கு அடியிலேயே நடந்து வந்து, எங்க மகாமகக் குளத்துல முங்கி, ஊர் உலகம் அதுங்க தலையில இறக்கி வெச்ச பாவத்தையெல்லாம் கழுவிட்டு, சத்தம் போடாம திரும்பிப் போற ஊரு இந்தக் கும்பகோணம். இங்க ஒரு பொண்ணு தரைக்கு மேல நாலு விரக்கடை உயரத்துல நின்னுக்கிட்டே வந்து சேர்ந்துச்சுன்னா, அதுல வாயைப் பொளக்க என்ன இருக்கு? நாங்க பொளக்கல. காபி வேணுமா டீ வேணுமான்னுதான் கேட்டோம்.

அப்ப தை மாசம், பொங்கல் முடிஞ்சு கரும்புச் சக்கை இன்னும் தெருவுல கிடக்கு. பொலிவியாங்கற தேசத்துலேர்ந்து ஒரு பொண்ணு ஒரு செமஸ்டர் படிக்க வருது, கோயில் கட்டடங்களை அளந்து படிக்கற படிப்பு, மாடி ரூமைக் குடுப்பீங்களான்னு காலேஜ்லேர்ந்து கேட்டாங்க. கடல் தாண்டி வர்ற பொண்ணு, யாரு பெத்த புள்ளையோன்னு நான் ஆரத்தி கரைச்சு வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னேன். எங்க தெரு முபாரக் ஆட்டோவுல வந்து இறங்குச்சு. இறங்குச்சுன்னு சொல்றேன், ஆனா இறங்கல. கையில பெட்டி, தோள்ல பை, முகத்துல ரெண்டு ராத்திரி தூங்காத சோர்வு, அதுக்கு மேல ஒரு சிரிப்பு. வலது காலை எடுத்து வெச்சு வாம்மான்னேன். வெச்சுச்சு. கால் நிலைப்படிக்கு மேல காத்துலயே நின்னுது.

"தையலு, பொண்ணு காலு தரையில படல பாரு"ன்னாரு எங்க வீட்டுக்காரர் கலியபெருமாள். அடுப்புல பால் பொங்குது பாருங்கற குரல்லதான் சொன்னாரு. நானும் பார்த்தேன். நாலு விரலை மடக்கி உள்ள விட்டா சரியா இருக்கும், அவ்வளவு இடைவெளி. சரின்னு ஆரத்தியைச் சுத்திக் கொட்டிட்டு உள்ள கூப்பிட்டேன்.

"மன்னிக்கவும் அக்கா. விமானம் இறங்கிவிட்டது. நான் இன்னும் இறங்கவில்லை"ன்னுச்சு அந்தப் பொண்ணு. அடேயப்பா, என்ன தமிழு! பாடப் புஸ்தகத்தைப் பிரிச்சு வெச்ச மாதிரி. பேரு நய்ராவாம்.

எங்க வீட்டுக்காரருக்குப் பாத்திரக்கடை. நாள் பூரா உக்காந்து யோசிக்கறதைத் தவிர வேலை கிடையாது, அதனால எதுக்கும் ஒரு காரணம் வெச்சிருப்பாரு. அந்தப் பொண்ணோட ஊரு மலைக்கு மேல மேகத்துக்குப் பக்கத்துல இருக்காம், நம்ம ஆளுங்க அங்க போனா மூச்சு வாங்குமாம், அவ்வளவு உசரத்துலேர்ந்து வர்றவ பொசுக்குனு தரைக்கு வந்துட முடியுமா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கணும்னாரு. அந்தக் காரணம் தெருவுக்கே போதுமானதா இருந்துச்சு. அதுக்கப்புறம் ஏன், எப்படின்னு யாரும் கேக்கல.

கேட்டது வேற. சாமிக்கும் கால் பாவாது, பேய்க்கும் கால் பாவாது, இது ரெண்டுல எதுன்னு தெரிஞ்சாத்தானே எப்படிப் பேசறதுன்னு தெரியும்? பூக்கடை அஞ்சலை முதல்ல வந்தா. சாமி தலையில வெச்ச பூ வாடாதுன்னு சொல்லி, ரெண்டு முழம் மல்லியை நய்ரா தலையில வெச்சுட்டு சாயங்காலம் வரைக்கும் எங்க வீட்டுக் கூடத்துலயே உக்காந்திருந்தா, என் வெத்தலையைப் போட்டுக்கிட்டு. பூ வாடிடுச்சு. சாமி இல்ல. அப்புறம் விபூதியை எடுத்து நெத்தியில பூசுனா, பேயா இருந்தா அலறும்னு. அந்தப் பொண்ணு ரெண்டு தும்மல் போட்டுட்டு "நன்றி"ன்னுச்சு. நான் தயிர்சாதத்துல மோர்மிளகாயை வெச்சுக் குடுத்தேன். ஒரு கடிதான், கண்ணுலயும் மூக்குலயும் தண்ணி கொட்டுச்சு. மனுஷிதான் போங்கடின்னு எல்லாரையும் அனுப்பிட்டேன்.

ஆனா எங்க தெருவுல விழாக் கமிட்டித் தலைவர் சுந்தரமூர்த்தின்னு ஒரு மனுஷன் இருக்காரு. அவரு வேட்டியை உதறிக் கட்டிக்கிட்டு வந்து பார்த்துட்டு, "மனுஷிதான், ஒத்துக்கறேன். ஆனா சாதாரண மனுஷி இல்ல, உயர்ந்த மனுஷி"ன்னு தீர்ப்பு சொல்லிட்டுப் போயிட்டாரு. எல்லாம் அந்த வாயாலதான் ஆரம்பிச்சுது.

அன்னியிலேர்ந்து அந்தப் பொண்ணு தெருவுல வந்தா சைக்கிள்ல போறவங்க இறங்கி நின்னாங்க, தள்ளுவண்டிக்காரர் ஓரம் கட்டுனாரு, கோயில் வரிசையில முன்னாடி போகச் சொல்லி ஒதுங்குனாங்க, கடையில வெண்டைக்காய் வாங்குனா நல்லதா பொறுக்கி எடுத்துக் குடுத்துட்டு பேரம் பேசவும் விடல, குழாயடிக்குக் குடத்தை எடுத்துக்கிட்டுப் போனா நாலு பேரு ஓடி வந்து பிடுங்கி ரொப்பி வீட்டு வாசல்ல கொண்டாந்து வெச்சுட்டு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாங்க. நான் மட்டும் என்ன குறைச்சலா? அது சாப்பிட்ட தட்டை அது எடுத்ததே கிடையாது. எடுக்க வரும், நான் பிடுங்கிடுவேன். வீட்டுக்கு வந்தவ எச்சத் தட்டைக் கழுவுனா என் மாமியார் படத்துலேர்ந்து இறங்கி வந்து என்னை மொத்துவாங்க! "நீ உக்காரு தாயி, நாங்க எதுக்கு இருக்கோம்"னு சொல்லிச் சொல்லி என் நாக்கே தேஞ்சுது.

அதோட வேலை கோயில் தூணையெல்லாம் அளக்கறது. தாராசுரம் கோயிலுக்கு முபாரக் ஆட்டோவுலயே போகும், அவரு காசு வாங்கவே மாட்டாரு. அங்க போய் டேப்பைப் பிடிச்சு அளந்து எழுதிக்கிட்டு வந்து காலேஜ்ல காட்டுனா எல்லா உயரமும் நாலு விரக்கடை தப்பு. திட்டு விழும்னு அந்தப் பொண்ணு பயந்துக்கிட்டே நின்னுச்சாம். அந்தப் பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "பரவாயில்லம்மா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், தூண்தான் தப்பா இருக்கணும்"னாராம். வீட்டுக்கு வந்து எங்ககிட்ட சொல்லிச்சு. எங்க வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. அந்தப் பொண்ணு சிரிக்கல. நான் அப்பதான் கீழ பார்த்தேன். நாலு விரக்கடை இல்ல, ஒரு சாண் ஆயிருந்துச்சு.

அப்புறம் கவனிச்சுப் பார்த்தா விஷயம் புரிஞ்சுது. ஒருத்தர் ஒதுங்கி வழி விட்டா ஒரு அரிசி கனம் மேல போகுது, ஒருத்தர் கையெடுத்துக் கும்பிட்டா ஒரு நெல்லுக் கனம் மேல போகுது, நான் தட்டைப் பிடுங்குனாலும் மேலதான் போகுது. கண்ணால பார்த்தேன். பார்த்துட்டு என்ன செஞ்சேன்? அடுத்த வேளையும் பிடுங்கினேன். கை கேக்கணுமே!

நடுவுல ஒரே ஒரு நாள் அது சந்தோஷமா இருந்துச்சு. மாசி மகம் அன்னிக்குக் குளத்துல தீர்த்தவாரி. ஊரே தண்ணிக்குள்ள நிக்குது, நானும் அந்தப் பொண்ணும் படி இறங்கிக் கழுத்தளவு தண்ணிக்குப் போனோம். தண்ணிக்குள்ள யாரு கால் தரையில இருக்கு, யாரு கால் இல்லன்னு யாருக்குத் தெரியும்? எல்லாரும் மிதந்தோம், எல்லாரும் தள்ளாடுனோம், பக்கத்துல ஒரு குண்டம்மா முங்கி எழுந்து எங்க ரெண்டு பேரு மேலயும் தண்ணியை வாரி அடிச்சா. கை விரலெல்லாம் சுருங்கிப் போற வரைக்கும் அது வெளியில வர மாட்டேன்னுடுச்சு. படியேறுனப்ப அங்க நின்னவங்க பார்த்துட்டுக் கும்பிட்டாங்க. மறுபடி ஏறிடுச்சு.

பங்குனி பொறந்தப்ப ஒரு முழம். கூடத்துல நடந்தா தலை காத்தாடியில இடிக்கும்னு நாங்க ஃபேனைப் போடறதை நிறுத்திட்டோம். எங்க வீட்டுக்காரர் விசிறிக்கிட்டு, வேர்த்து ஒழுக, "பரவாயில்ல பரவாயில்ல"ன்னுக்கிட்டு உக்காந்திருப்பாரு. ராத்திரி பாய்க்கு மேல ஒரு முழம் தள்ளிப் படுத்திருக்கும், நான் போர்வையை நாலு பக்கமும் தொங்க விட்டு ஊக்கு குத்திட்டு வருவேன், கொசு கீழ வழியா போகக் கூடாதுன்னு. எடை கட்டிப் பார்ப்போம்னு எங்க வீட்டுக்காரர் கடையிலேர்ந்து ரெண்டு பித்தளை அண்டாவை எடுத்துட்டு வந்து கையில குடுத்தாரு. அண்டாவும் அதோட சேர்ந்து ஏறி நின்னுது. எடைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு தெரிஞ்சதுதான் மிச்சம்.

ஒருநாள் மத்தியானம் நான் அடுப்படியில முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தேன். வாசப்படிக்கிட்ட குனிஞ்சு உள்ள வந்துச்சு. கீரையை எடுக்கக் கையை நீட்டுச்சு. "விடும்மா, கையெல்லாம் கறையாயிடும்"னேன். அவ்வளவுதான், பொலபொலன்னு அழுதுடுச்சு.

"அக்கா, வைகாசியில் நான் ஊருக்குத் திரும்ப வேண்டும். வந்தால்தானே திரும்ப முடியும்? நான் இன்னும் வரவே இல்லை. என் அம்மா கேட்பார்கள், அந்த ஊர் எப்படி இருந்தது என்று. நான் என்ன சொல்வேன்? மேலே இருந்து பார்த்தேன், அழகாக இருந்தது என்று சொல்லவா?"

பெத்த பொண்ணா இருந்தா இழுத்து மடியில போட்டுக்கிட்டு இருப்பேன். இதை எப்படி இழுக்கறது? எழுந்து நின்னு அதோட முழங்கையை மட்டும் பிடிச்சுக்கிட்டேன்.

அந்த நேரம் பார்த்தா சுந்தரமூர்த்தி வரணும்? வாசல்ல நின்னுக்கிட்டே ஆரம்பிச்சாரு. சித்ரா பௌர்ணமிக்குக் கமிட்டி சார்பா பெரிய மேடை போடறோம், சீரியல் லைட்டு, நாதஸ்வரம் எல்லாம் பேசியாச்சு, நடுவுல இந்தப் பொண்ணை நிக்க வெச்சு ஊரையே கூப்பிட்டு ஒரே நேரத்துல கும்பிட வெக்கப் போறோம், நம்ம தெருவுக்கே பெருமைன்னாரு.

"யோவ் தலைவரே, ஒருத்தர் கும்பிட்டாலே நெல்லுக் கனம் ஏறுது. ஊரே கும்பிட்டா கோபுரத்துக்கு மேல போயிடும், அப்புறம் யாரு ஏணி வெச்சு இறக்கறது? அது படிக்க வந்த புள்ளை, பல்லக்குல ஏற வரல!"

"அதெல்லாம் பார்த்துக்கலாம் தையல்நாயகி. போஸ்டர் அடிச்சாச்சு"ன்னுட்டு, நய்ராவைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டுட்டுப் போனாரு. என் கண்ணு முன்னாடி இன்னொரு நெல்லுக் கனம். பாவி மனுஷன்!

அன்னியிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டியாச்சு, எதிர்வீட்டுச் சுவத்துல கூட ஒண்ணு. மேடைக்குக் குழி தோண்டுற சத்தம் காலையில கேக்கும், நய்ரா மாடி ஜன்னலை மூடிக்கும். பௌர்ணமிக்கு ரெண்டு நாள் முன்னாடி அது தாராசுரம் போயே ஆகணும், கடைசி அளவை எடுத்துக் குடுத்தாத்தான் படிப்பு முடியும். பார்த்தா முபாரக் வீட்டுல நிக்காஹ், ஆட்டோவுக்குப் பூ கட்டி மாப்பிள்ளை அழைப்புக்குப் போயிடுச்சு. வேற ஆட்டோ எதுவும் இல்ல, அன்னிக்குப் பெரிய முகூர்த்தம். "வா தாயி, பஸ்ஸுல போவோம்"னு நானே துணைக்குக் கிளம்பினேன்.

டவுன் பஸ் வந்துச்சு பாருங்க, படியில தொங்குது கூட்டம். எல்லாம் வெளியூர் கல்யாணக் கூட்டம், எங்க தெருவும் தெரியாது, சுந்தரமூர்த்தியும் தெரியாது. நான் விடுவேனா? பஸ் நிக்கறதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் துண்டை ஜன்னல் வழியா வீசி ஒரு ஓரத்து சீட்டைப் பிடிச்சுட்டேன். முண்டியடிச்சு ஏறி, குனிஞ்ச தலையோட அந்தப் பொண்ணை உள்ள தள்ளி உக்கார வெச்சு, பக்கத்துல நான் நின்னுக்கிட்டேன். அந்த நெரிசல்ல அதோட முழங்கால் முன் சீட்டுக் கம்பிக்கு மேல இருக்கறதை யாரும் கவனிக்கல. யாருக்கும் அவங்கவங்க முழங்காலே எங்க இருக்குன்னு தெரியல.

பஸ் கிளம்பறதுக்குள்ள, இடுப்புல குழந்தையோட கம்பியைப் பிடிக்க முடியாம ஆடிக்கிட்டிருந்த ஒரு பொண்ணு, யாருன்னு கூடப் பார்க்கல, "இந்தாடி, இவனைக் கொஞ்சம் புடி"ன்னு குழந்தையை நய்ரா மடியில போட்டா. "ஏம்மா ஏம்மா, அவங்க யாருன்னு தெரியுமா, அவங்ககிட்டப் போயி"ன்னு நான் கையை நீட்டினேன்.

"அக்கா, சும்மா இருங்க"ன்னுச்சு நய்ரா. அப்படி ஒரு குரல்ல அது என்கிட்டப் பேசினதே இல்ல.

ஒருத்தர் குழந்தையைக் குடுத்தா மத்தவங்க சும்மா இருப்பாங்களா? மடியில இடம் இருக்குன்னு பஸ்ஸுக்கே தெரிஞ்சு போச்சு. ஒரு பள்ளிக்கூடத்துப் பை வந்துச்சு, அதுக்கு மேல கத்தரிக்காய் துருத்திக்கிட்டிருக்கற ஒரு வயர்கூடை வந்துச்சு, சீர்வரிசைத் தட்டு ஒண்ணு வந்துச்சு, கால் கட்டுன சேவல் ஒண்ணு வந்து காலடியில கிடந்துச்சு, பின்னாலேர்ந்து ஒரு கை சில்லறையை நீட்டி "ரெண்டு தாராசுரம் வாங்கிக் குடு"ன்னுது, அதை வாங்கி முன்னாடி குடுத்து டிக்கெட்டை வாங்கிப் பின்னாடி நீட்டுறதுக்குள்ள இன்னொரு கை நீண்டுச்சு, "ஏம்மா, வெயிலு மூஞ்சில அடிக்குது, அந்த ஷட்டரை இறக்கு, கையி இல்ல உனக்கு?"ன்னு ஒரு கிழவர் சத்தம் போட்டாரு, அதை இறக்கறப்ப "புள்ளை தலையைப் பாரு, கம்பியில இடிக்கப் போவுது"ன்னு குழந்தையைப் பெத்தவ அதட்டுனா. யாரும் நன்றி சொல்லல. யாரும் கும்பிடல. அந்தப் பொண்ணு எல்லாத்தையும் வாங்கி, எல்லாத்தையும் குடுத்து, குழந்தை தலையை ஒரு கையால மூடிக்கிட்டு, வேர்த்து வழிய, மூச்சு வாங்க, அங்கயும் இங்கயும் திரும்பிக்கிட்டிருந்துச்சு.

நான் அதோட முழங்காலைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். கம்பிக்கு மேல இருந்தது கம்பிக்கு நேரா வந்துச்சு. கம்பிக்குக் கீழ போச்சு. வாயைத் தொறந்தா கலைஞ்சு போயிடுமோன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அந்த நேரம் குழந்தை அது மடியிலயே மூத்திரம் போயிடுச்சு. "அட, காஞ்சிடும் விடு"ன்னா பெத்தவ. பஸ் ஒரு பள்ளத்துல இறங்கி ஏறுச்சு, நின்னவங்கெல்லாம் முன்னாடி சாய்ஞ்சாங்க.

"ஆ! யாரு காலை மிதிக்கறது? கண்ணு தெரியலையா?"

கத்துனது நய்ரா. எங்க ஊர்த் தமிழ்ல கத்துச்சு. கத்திட்டு அதுவே திகைச்சுப் போய் என்னைப் பார்த்துச்சு. நான் குனிஞ்சு பார்த்தேன். பஸ் தகரத்துல, சேவலுக்கும் வயர்கூடைக்கும் நடுவுல, ரெண்டு பாதமும் தட்டையா படிஞ்சிருந்துச்சு. சுண்டுவிரல் சிவந்து போயிருந்துச்சு. மிதிச்ச ஆளு, "பஸ்ஸுன்னா அப்படித்தாம்மா இருக்கும், வேணும்னா கார்ல வா"ன்னாரு. அந்த மனுஷன் நல்லா இருக்கணும், அவரு குடும்பம் நல்லா இருக்கணும்! நான் அழுதுட்டேன். பக்கத்துல நின்னவ எனக்கு மயக்கம்னு நினைச்சு எலுமிச்சம்பழத்தைக் குடுத்தா.

அந்த மேடையில பௌர்ணமி அன்னிக்குக் கடைசியா பட்டிமன்றம்தான் நடந்துச்சு, சுந்தரமூர்த்தி எங்ககூட ரெண்டு வாரம் பேசல. எங்க வீட்டுல ஃபேன் ஓடுச்சு. தட்டு யாரு கழுவறதுன்னு எனக்கும் நய்ராவுக்கும் தினமும் சண்டை. அதெல்லாம் அப்புறம் நடந்தது.

அன்னிக்குத் தாராசுரத்துல பஸ் நின்னப்ப உச்சி வெயிலு. குழந்தையையும் பையையும் தட்டையும் அவங்கவங்ககிட்டக் குடுத்துட்டு, கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு, அந்தப் பொண்ணு எனக்கு முன்னாடி படியிலேர்ந்து குதிச்சுது. இத்தனை மாசமா அதுக்குச் செருப்பே தேவைப்படல, வெறுங்கால். சித்திரை மாசத் தார் ரோடு.

"ஐயோ! அக்கா! சுடுது! சுடுதுக்கா!"

ஒரு காலை எடுத்தா மறு கால் சுடுது, மறு காலை எடுத்தா இந்தக் கால் சுடுது, நடுரோட்டுல குதிக்குது, ஓடுது, திரும்பி வருது, கண்ணுல தண்ணி ஊத்துது, சிரிக்குது, நிழல் பக்கத்துலயே இருக்கு, போக மாட்டேங்குது. நான் செருப்பைக் கழட்டறதுக்குள்ள பஸ் நகர்ந்துடுச்சு. குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு அந்த அம்மா ஜன்னல் வழியா தலையை வெளியில நீட்டி, தொண்டை கிழியக் கத்துனா:

"இந்த வெயில்ல வெறுங்காலோட வருவாங்களாடி? அறிவு இருக்கா உனக்கு?"

"இல்லக்கா!"ன்னு பஸ் பின்னாடியே குதிச்சுக்கிட்டு ஓடுச்சு நய்ரா. "இல்லவே இல்லக்கா!"